மூன்றாம் வரிசை நாற்காலி

என் வீட்டுக் காதுகுத்துப் பந்தியில் உறவினரை உத்தியோக வரிசைப்படி உட்கார வைத்த மடையன் நான். ரயில்வேயில் வேலை பார்க்கும் மச்சானுக்குக் கடைசிக்கு முந்தின இலை. அவர் கை நனைக்காமலே பாரிட் புந்தாருக்கு ரயிலேறினார்.

மலாயாவில் வெள்ளைக்காரன் ஆட்சி. ஈப்போ அரசாங்க அலுவலகத்தில் அப்போது நான் கிராணி, அதாவது குமாஸ்தா. திடலில் விழா என்றால், யாருக்குப் பின்னால் யார் என்ற அட்டவணைப்படி நாற்காலி போடுவது என் வேலை. வேலை தலைக்கேறிவிட்டது.

அந்த வருஷம் சக்கரவர்த்தி பிறந்தநாள் விழாவில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஓய்வுபெற்ற டிரெசர் ஒருவருக்குப் பதக்கம். விஷக்காய்ச்சல் காலத்தில், துரை மலையேறித் தப்பிவிட, கூலிகள் குடியிருந்த லயம் லயமாகப் போய் மருந்தும் கஞ்சியும் கொடுத்தவர். பதக்கம் உண்டு, நாற்காலி இல்லை. அட்டவணையில் டிரெசர் என்ற பிறவியே கிடையாது. வீங்கிய கால்களோடு கயிற்றுக்குப் பின்னால் வெயிலில் நின்றார். பதக்கமும் அந்தஸ்துப்படிதான் என்பதால் அவர் முறை கடைசி.

பந்தலுக்குள் மூன்றாம் வரிசையில் பாதி காலி. அதற்குரிய தோட்டத் துரைமார்கள் கிளப்பைவிட்டு எழவில்லை.

"அண்ணே, இங்க வந்து உக்காருங்க" என்றேன்.

"வேணாம் தம்பி. எவனாச்சும் ஏசுவான்."

"நான் போட்ட நாற்காலி லா. உக்காருங்க."

உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள், கப்பலிலிருந்து நேற்று இறங்கிய ஒரு சின்னத் துரை ஓடி வந்தான். மீசைகூட இன்னும் உத்தியோகத்தில் சேரவில்லை. "தா போலே, கிராணி!" தெரிந்த இரண்டு மலாய்ச் சொல்லையும் முடியாது என்பதற்கே செலவழித்தான். வராத துரைக்கும் அந்தஸ்து உண்டாம். அவன் இடத்தில் காற்றுதான் உட்காரலாமாம்.

டிரெசர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்தார்.

எனக்குப் பற்றி எரிந்தது. அவன்மேல் மட்டுமா? அந்த அட்டவணையை மனப்பாடம் செய்து மகிழ்ந்த என் மண்டைமேலும்தான். நாற்காலியைத் தூக்கினேன். கயிற்றைத் தாண்டி, திடலோரத்து மரத்தடியில் போட்டேன். "பந்தலுக்கு வெளியே உங்கள் அட்டவணை செல்லாது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் நடுங்கியது, இலக்கணம் நடுங்கவில்லை. டிரெசர் வந்து அதில் உட்கார்ந்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் வர சின்னத் துரைக்கு மனமில்லை.

கடைசியாக டிரெசரை அழைத்தார்கள். மாநிலத்தை ஆளும் வெள்ளைக்கார ரெசிடென்ட் நின்று பதக்கம் கொடுத்து முடிக்கும்வரை பந்தலில் ஒருவரும் உட்காரக்கூடாது. அதுவும் அதே சட்டம். மரத்தடியிலிருந்து டிரெசர் அடிமேல் அடி வைத்து வந்தார். நீதிபதி நின்றார். துரைசானிமார்கள் நின்றார்கள். சின்னத் துரை விறைத்து நின்றான். வியர்வை தொப்பிகளிலிருந்து ஒழுகியது. அவர் வந்துகொண்டே இருந்தார். நிற்கட்டும், நன்றாக நிற்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விழா முடிந்து அவரை ரிக்ஷாவில் ஏற்றிவிடும்போது, என் வீரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

"எப்படிண்ணே? அத்தனை பேரையும் நிக்க வச்சிட்டோமே!"

அவர் இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"அடுத்த வாட்டி ஆடாத நாற்காலியா பாத்துத் தூக்கியாங்க தம்பி. அதுல ஒரு கால் கட்டை."