ரோத்தான் வெட்டிய டீச்சர்

பிரிக்பீல்ட்ஸில் என் தையல் கடைக்கு மேல்மாடியில் ரமணி டீச்சர் பாட்டு வகுப்பு ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. சனிக்கிழமை காலையானால் பொடிசுகள் பிஸ்கட் டின்களைக் கவிழ்த்துப் போட்டு மொத்துகிற மொத்தில் சீலிங் சுண்ணாம்பு என் ரவிக்கைத் துணிமேல் உதிரும். முழக்கோலை எடுத்து மேலே நாலு இடி இடிப்பேன். கொஞ்சம் அடங்கும். மறுபடி ஆரம்பிக்கும்.

"இது என்ன பாட்டு கிளாசா, பட்டறையா?" என்று ஒருநாள் படியில் மறித்துக் கேட்டேன்.

"பிள்ளைங்க சிரிக்குதுங்க பாருங்க, வீரம்மாக்கா. சிரிச்சா தாளம் தானா வரும் லா," என்றாள். கோபமே வராத முகம். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

அவளுடைய இடது சுண்டுவிரல் மடங்காது. கிள்ளானில் சின்னப் பிள்ளையாகப் பாட்டு கற்றபோது, தாளம் தவறியதற்கு வாத்தியார் பிரம்பால் அடித்து உடைத்த விரல். வீட்டில் போய்ச் சொன்னதற்கு அப்பாவும் தன் பங்குக்கு முதுகில் போட்டாராம். "அப்புறம் பாட்டுன்னாலே கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்குவேன்க்கா. அந்தப் பயம் போகவே பாதி வயசு போச்சு," என்று என் கடையில் உட்கார்ந்து சொன்னாள். அந்த வாத்தியார் என் கையில் கிடைத்திருந்தால் வாயைச் சேர்த்துத் தைத்திருப்பேன்.

அதனால்தான் அவள் வகுப்பு இப்படி. படிக்கட்டில் ச ரி க ம என்று படிக்கு ஒன்றாக எழுதி, பிள்ளைகளைப் பாடிக்கொண்டே குதிக்கவிடுவாள். அப்புறம் இடி விளையாட்டு. டீச்சர் உள்ளங்கையை விரித்துத் தூக்கினால் எல்லோரும் டின்னை அடிக்க வேண்டும். கையை மூடினால் கப்சிப்.

டின்னை அடிக்கக் குச்சி வேண்டுமே, அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் வில்லங்கம். "வீட்டுல உங்கள அடிக்கிற ரோத்தான எடுத்துட்டு வாங்க," என்று சொல்லிவிட்டாள். கதவுக்குப் பின்னால் அந்தப் பிரம்பு தொங்காத வீடு இங்கே எத்தனை? பிள்ளைகள் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தன. ஒவ்வொன்றையும் ரெண்டாக வெட்டி, அந்தந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தாள். வெட்ட என் கத்திரியைக் கேட்டாள். கத்தினேன் பாருங்கள்! துணியைத் தவிர ஒரு காகிதத்தைக்கூட அதில் வெட்ட விட்டதில்லை நான். பக்கத்துக் கடையில் ரம்பம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தாமரைக்கு ஆறு வயது. அவள் குச்சியால் போடுகிற போட்டில் டின் நசுங்கும். அவளுடைய அப்பா லோகன் லோரி ஓட்டுகிறவன். ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளை குடிக்கிற மைலோவைக் கொட்டிவிட்டாள் என்று கதவுக்குப் பின்னால் கையை விட்டிருக்கிறான். ஆணிதான் இருந்தது. "டீச்சர் வெட்டிட்டாங்க," என்றிருக்கிறாள் பிள்ளை. இடுப்பு பெல்ட்டை உருவி விளாசிவிட்டான்.

அதோடு விட்டானா? மறுநாள் காலை அவளை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்கு வந்தான். நான் மெஷினில் குனிந்திருந்தேன், கவனிக்கவில்லை.

"எம் பிள்ளைய நான் அடிப்பேன், கொல்லுவேன். கேக்க நீ யாருடி?" என்று பெல்ட்டை ஓங்கினானாம். ரமணி தாமரையைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் நின்றாள். பெல்ட்டின் கொக்கி அவள் நெற்றியைக் கிழித்தது. அடுத்த அடியைத் தடுக்க உள்ளங்கையை விரித்துத் தூக்கினாள்.

பிள்ளைகளுக்கு அதுதானே சைகை? பயத்தில் அழுதுகொண்டே அத்தனையும் டின்னை அடிக்க ஆரம்பித்தன.

கீழே எனக்குக் கட்டடமே இடிகிற மாதிரி இருந்தது. முழக்கோலால் இடித்தேன், அடங்கவில்லை. 'இன்னைக்கு இவளை ஒரு வழி பண்ணிடறேன்' என்று கோலோடு ஏறினேன். மேலே ரமணி சுவரோரம் சரிந்து கிடந்தாள். மணிக்கட்டு கோணிப்போயிருந்தது, சட்டையெல்லாம் ரத்தம். அவன் இன்னும் ஓங்கிக்கொண்டிருந்தான். பாவி! கோலை அவன் பிடரியில் போட்டேன். முறிந்தது. பூக்கடை ஆட்களும் போன் கடைப் பையன்களும் சத்தம் கேட்டு ஏறிவந்து அவனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. நான் செருப்பைக் கழற்றிக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன், அடிக்க அடிக்க ஆத்திரம் ஏறியதே தவிர ஆறவில்லை.

திடீரென்று டின் சத்தம் நின்றது. தாமரை நடுவில் நின்று கையை உயர்த்தி மூடியிருந்தாள். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. அந்த அமைதியில் நாங்கள் அவனை அடிக்கிற சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. எனக்குக் கை கூசிவிட்டது. ஒவ்வொருவராக நிறுத்தினோம்.

"எங்கப்பாவ அடிக்காதீங்க," என்றாள்.

போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனது.

அடுத்த சனிக்கிழமை யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ரமணி கையில் மாவுக்கட்டும் நெற்றியில் தையலுமாக என் கடை வாசலில் வந்து நின்றாள். "எவ போட்டா இந்தத் தையல? கோணலா இருக்கு," என்றேன். சிரிக்கப் போய் வலியில் முனகினாள். கண்ணீரை அடக்க நான் பாபினைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

தாமரையை அவள் அம்மா கூட்டிவந்தாள். அம்மாவுக்கும் ஒரு கன்னம் பழைய அடியில் கறுத்திருந்தது. "இன்னைக்கு அவர வெளிய விட்டுருவாங்களாம்," என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

தாமரை புத்தகப் பையைத் திறந்து ஒரு பெல்ட்டை எடுத்தாள். வீட்டில் இருந்த இன்னொன்று. "டீச்சர், இதையும் வெட்டித் தாங்க," என்றாள். அம்மா திரும்பவில்லை, தடுக்கவும் இல்லை.

ரமணி தன் மாவுக்கட்டைப் பார்த்தாள். நான் என் கத்திரியை எடுத்தேன். கெட்டித் தோல். கையெல்லாம் நோக அதை ரெண்டாக வெட்டிக் கொடுத்தேன்.

பிள்ளை ஒரு துண்டை வாங்கித் தன் காலோடு வைத்து அளந்து பார்த்தாள்.

"இது இன்னும் அடிக்க எட்டும், ஆன்டி. இன்னும் சின்னதா."

மறுபடி வெட்டினேன். மறுபடி அளந்தாள்.

"இன்னும்."

கத்திரியின் வாய் மழுங்கிப் போயிற்று. நான் வெட்டிக்கொண்டே இருந்தேன்.