ஜக்கார்டு பெட்டியில் பிரசவம்

அன்று மத்தியானம் தறி அருகில் இருந்தவர்கள் இவர்கள்.

என் வீட்டுக்காரர். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலில் துணிக்கட்டு.

என் மாமியார். கொல்லைப் படியில், மடியில் முறம். முறத்தில் அரிசி இருந்தது. புடைக்கவில்லை.

என் நாத்தனார். கல்யாணப் பெண். சுவரில் சாய்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நான். வீட்டுக்காரருக்குப் பக்கத்தில், கரை நூல் சுற்றிய நாடாவை எறிகிற இடத்தில்.

அணில். எங்கள் தலைக்கு மேலே, கரையில் உருவம் விழவைக்கிற ஜக்கார்டு பெட்டிக்குள். பிள்ளை பெற்றவள்.

இந்த ஐந்து பேரில் வேலை செய்தது அணில் மட்டும்தான். மற்றவர்கள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தோம்.

குற்றம் என்னுடையது. அந்த வீட்டில் எது கெட்டாலும் என் பேரில்தான் வரும். இந்த ஒரு தடவை அது உண்மை.

வருஷம் அறுபத்தெட்டாக இருக்கலாம். அறுபத்தொன்பதாகவும் இருக்கலாம். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கொல்லையில் ஒரு கொய்யா மரம் இருந்தது. நல்ல பழத்தை அணில்கள் தின்னும். அவை கடித்துப் போட்டதை நாங்கள் தின்போம். அந்த ஏற்பாட்டில் இரண்டு பக்கமும் சண்டை வந்ததில்லை.

அதில் ஒரு அணிலுக்குக் காலையில் துவைக்கிற கல்மேல் ஒரு பிடி நொய் வைப்பேன். நான் போட்டதைத் தின்றுவிட்டு உப்பு பத்தவில்லை என்று சொல்லாத ஜீவன் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

நொய்யோடு நிறுத்தியிருக்கலாம். அறுந்த பட்டு நூலையும் வைத்தேன். கூடு கட்டும் நாளில் அணில் கொடியில் காய்கிற பட்டுச் சிட்டத்தை இழுத்துக்கொண்டு போகும். நாமே கொடுத்துவிட்டால் இழுக்காது என்று கணக்குப் போட்டேன். தறிக்காரி மூளை. அதற்குப் பட்டு பழகிவிட்டது. இனி தென்னை நார் மட்டும் அதற்குப் போதுமா?

பிறகு பக்கத்து வீட்டுப் பூனை வந்தது. நொய்யைக் கல்லிலிருந்து படிக்கு மாற்றினேன். பூனை படிக்கும் வந்தது. படியிலிருந்து உள்ளே, தறிக்குழி ஓரத்துக்கு மாற்றினேன். பூனையைத் துரத்தியிருக்கலாம். தோன்றவில்லை.

அப்போது தறியில் ஏறியிருந்தது நாத்தனாருடைய முகூர்த்தச் சேலை. அரக்கு உடல், பச்சைக் கரை, கரை முழுக்க வரிசையாக அன்னம். யார் யார் கல்யாணத்துக்கோ நெய்து கொடுத்த வீடு அது. மாமியார் நூல் சேலை கட்டித் தாலி வாங்கினவர். நானும் அப்படித்தான். நாத்தனார்தான், "நம்ம தறிச் சேலை கட்டுவேன், இல்லன்னா மணையில உக்கார மாட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

பாதி சேலை முடிந்தபோது வீட்டுக்காரருக்குக் கட்டைவிரலில் நகச்சுத்து. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிக்கொண்டு ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு நாள் தறி ஓடவில்லை. அணிலுக்கு அது போதும்.

பதின்மூன்றாம் நாள் காலை குழியில் இறங்கி மிதியை அழுத்தினார். மேலே பெட்டி ஆடியது. உள்ளேயிருந்து அணில் குதித்து, அவர் தலையில் ஒரு காலும் தோளில் ஒரு காலும் வைத்து, உத்தரத்தில் ஏறி நின்றுகொண்டு கத்தியது. வீட்டுக்காரரை அப்படித் திட்ட எனக்கு அதுவரை தைரியம் வந்ததில்லை.

ஏணி போட்டுப் பார்த்தேன். நார், பஞ்சு, நான் வைத்த பட்டு. அரக்கும் பச்சையும் கலந்து மெத்தை. அதில் மயிர் முளைக்காத குட்டிகள். பக்கத்தில், அன்னம் விழுவதற்காகத் துளை போட்டுக் கோத்த அட்டைகளில் ஒன்றின் ஓரத்தைக் கொறித்திருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எத்தினி குட்டி?" என்றார் வீட்டுக்காரர்.

"தெரியல. ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கினு இருக்குது."

"எடுத்துத் தெருவுல போடு அண்ணி," என்றாள் நாத்தனார். "முகூர்த்தத்துக்குப் பதினஞ்சு நாள்தான் இருக்குது. பாதி சேலை பாக்கி."

"கல்யாண வீட்டுல பச்சக் குட்டிய எறிவியா? வாயக் கழுவுடி," என்றார் மாமியார். "ராமர் தடவிக் குடுத்த முதுகு அது."

"அப்போ ராமரையே வந்து நெய்யச் சொல்லு."

ராமர் தடவி அணிலுக்கு மூன்று கோடு விழுந்ததாம். குனிந்து குனிந்து நாடா எறிந்து எனக்கும் முதுகில் ஒரு கூன் விழுந்திருந்தது. அதைப் பற்றி யாரும் கதை சொன்னதில்லை.

வீட்டுக்காரர் தங்கையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். "நான் இன்னா செய்யட்டும்?" என்றார். குடும்ப விஷயம் எதுவானாலும் அவர் சொல்வது அதுதான்.

நாத்தனார் என் பக்கம் திரும்பினாள். "நீதான சோறு போட்டு உள்ள இட்டுக்கினு வந்த? நீயே கேளு அண்ணி, எப்போ காலி பண்ணுவான்னு."

கேட்டேன், என் வழியில். ஒரு விளிம்பு உடைந்த பானையைக் கொய்யாக் கிளையில் படுக்க வைத்துக் கட்டினேன். அதே அரக்கும் பச்சையுமாகப் பட்டு திணித்தேன். குட்டியைக் கையால் தொட்டால் தாய் சேர்க்காது என்றார் மாமியார். ஆகையால் தாயே தூக்கிக்கொண்டு போகவேண்டும். தீனியை நாளுக்குக் கொஞ்சமாகத் தறியிலிருந்து கொல்லைக்கு நகர்த்தினேன். வீட்டுக்காரர் வேளைக்கு ஒருமுறை மிதியை லேசாகத் தட்டி, பெட்டி சரியான இடம் இல்லை என்று அதற்குத் தெரியப்படுத்தினார்.

நொய்க்கு மயங்கவில்லை. வேர்க்கடலை வேண்டியிருந்தது. திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஒரு ஜைனர் சைக்கிளில் கடலை கொண்டுவருவார்.

"இன்னாமா, கல்யாணப் பலகாரமா?" என்றார்.

"இல்லீங்க. அணிலுக்கு."

விஷயத்தைச் சொன்னேன். இன்னும் இரண்டு பிடி அள்ளிப் போட்டார். "உயிருக்கு ஒண்ணும் ஆவக் கூடாதும்மா. குட்டிங்க நல்லபடியா போச்சுன்னா எனக்கு ஒரு வார்த்த சொல்லு." கல்யாணப் பெண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்று நாள் போனது. மூன்றாம் நாள் மத்தியானம்தான் முதலில் சொன்ன அந்த மத்தியானம்.

அணில் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. வாயில் ஒரு குட்டி, தாயின் கழுத்தைச் சுற்றிச் சுருண்டிருந்தது. உத்தரத்தில் ஓடி, ஓட்டு இடுக்கில் நுழைந்து, கொய்யாவுக்குப் போனது. மாமியார் முறத்தைக் கீழே வைத்தார். திரும்பி வந்தது. இரண்டாவது. மறுபடி வந்தது. மூன்றாவது.

பிறகு வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். கொல்லையில் காக்கை கத்தியது.

"அவ்ளோதான்," என்று வீட்டுக்காரர் மிதிமேல் காலை வைத்தார்.

"அண்ணா, மிதிக்காத."

சொன்னது நாத்தனார்.

"மூணும் போயிடுச்சேம்மா. உன் சேலைதான் நிக்குது."

"நிக்கட்டும். இன்னும் கொஞ்சம் பாரு."

வீட்டுக்காரர் காலை எடுத்தார். மூன்று நாளாகத் தெருவில் போடு என்று சொன்ன வாய் அது. யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. அவ்வளவு புத்தி எங்களுக்கு இருந்தது.

நாலு வெற்றிலை போடும் நேரம் போனது. அணில் வந்தது. பெட்டிக்குள் நுழைந்து, எல்லாவற்றிலும் சின்னதாக ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது. ஏணியில் ஏறிப் பார்த்தேன். கூடு காலி.

"இப்போ மிதி," என்றாள் நாத்தனார். கடித்த நகத்தைத் துப்பிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள்.

தறி ஓடியது. நான்காவது அன்னம் வந்தபோது நான் பார்த்தேன். அலகு இல்லை. முந்தின மூன்றிலும் இல்லை. அணில் கொறித்த அட்டை வரும்போதெல்லாம் அன்னத்துக்கு மூக்கு போய்விடுகிறது. புது அட்டை அடித்து வாங்க ஒரு வாரம் ஆகும். வீட்டுக்காரரும் பார்த்துவிட்டார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் மிதியை அழுத்தினார். நாடா எறிந்தேன்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை சேலை தறியிலிருந்து இறங்கியது. நாத்தனார் அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். எல்லோரும் அண்ணன் கைவேலையைப் புகழ்ந்தார்கள். அணில் பேரை யாரும் எடுக்கவில்லை.

ஆடிக்கு நாத்தனாரை அழைத்திருந்தோம். வந்தவள் சேலையைக் கொல்லையில் கொடியில் விரித்துக் காற்றாடப் போட்டாள். கொய்யா மரத்தடியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, எங்க மாமியாரு கேட்டாங்க. ஒரு பாதியில அன்னத்துக்கு மூக்கு இருக்குது, ஒரு பாதியில இல்லியே, இன்னாத்துக்குன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"காஞ்சிபுரத்துல இப்போ இதான் புது மாடல்னேன்."

"நம்பிட்டாங்களா?"

"அவங்க பொண்ணுக்கும் ஒண்ணு இதே மாதிரி வேணுமாம்."

மேலே கிளையில் ஒரு அணில் கொய்யாவைக் கடித்துக் கீழே போட்டது. நாத்தனார் அதை எடுத்துத் துடைத்துத் தின்றாள்.

"ஒக்காந்து எண்ணிட்டேன் அண்ணி, மூக்கில்லாதத."

"எத்தினி?"

"முப்பத்தேழு."