முதலாளியைத் தூக்கிய டிராக்டர்

சிங்கப்பூரின் கிராஞ்சியில் ஒரு காய்கறிப் பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிறேன். வண்டி ரொம்பப் பழசு. இன்ஜினை நிறுத்தினால் போதும், பின்னால் தூக்கி வைத்த கலப்பை மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கிவிடும். "பழைய இரும்புக்குப் போட்டுடலாம் லா" என்று முதலாளி முடிவே செய்துவிட்டார். கடைசி முயற்சியாக ஜாலான் புசாரிலிருந்து மெக்கானிக் ரஃபீக் பாயை வரவழைத்தேன்.

பாய், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக்கைப் பிரித்து, சீல் மாற்றி, புது ஆயில் ஊற்றினார். சோதித்துப் பார்க்கப் பாரம் வேண்டும். கலப்பையோ வெல்டிங்குக்குப் போயிருந்தது. தூக்கும் கைகளுக்குக் குறுக்கே இருந்த இரும்புச் சட்டத்தைக் காட்டி, "சார், நீங்களே ஏறி நில்லுங்க" என்றார் முதலாளியிடம்.

அவர் சிரித்துக்கொண்டே ஏறி, மட்கார்டைப் பிடித்துக்கொண்டார். நல்ல கனமான மனிதர். இன்ஜினை ஓடவிட்டு, சீட் பக்கத்திலிருந்த தூக்கும் நெம்புகோலை ஒரு விரலால் நகர்த்தினேன். ஒரு குலுக்கல்கூட இல்லாமல் மேலே போனார்.

"ஆஃப் பண்ணும்மா" என்றார் பாய்.

இன்ஜின் நின்றது. சட்டத்தின் மட்டத்தில் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, பாய் ஒரு கப் தேநீர் குடிக்கத் தொடங்கினார். கப் காலியான பிறகும் சட்டம் கோட்டைவிட்டு இம்மிகூட இறங்கவில்லை. உள்ளே இருந்த கொஞ்சம் ஆயில், ஓசையே இல்லாமல் ஒரு மனிதரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"ஸ்க்ராப்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்" என்றார் முதலாளி, மேலே நின்றபடியே, மெதுவாக. "பார்த்து இறக்கும்மா."

நாளெல்லாம் யோசிக்காமல் இழுத்துத் தள்ளும் நெம்புகோல்தான். அன்று அதைத் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டேன். இன்றும் துடைத்துவிட்டுத்தான் தொடுகிறேன்.