ஒவ்வொரு குழிக்கும் முன்னால்

சுங்காயிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மாவை ஆம்புலன்சில் கொண்டுபோன அன்றுதான் அவரைப் பார்த்தேன். காதோரம் நரைத்த, ஒல்லியான மருத்துவ உதவியாளர். அம்மாவுக்குப் பக்கத்தில், ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஆனாலும் ஒவ்வொரு குழிக்கும் முன்னால், "குழி வருதும்மா, கையப் புடிச்சுக்குங்க" என்றார். ஒன்றுகூடத் தவறவில்லை. அம்மாவும் அவர் கையை விடவில்லை.

இரண்டு நாளில் அம்மா போய்விட்டார்.

போன மாதம் ஈப்போவில் ஒரு வாடகைக் காரைக் கூப்பிட்டேன். ஓட்டி வந்தவர் அவரேதான்.

"ஆம்புலன்ஸ் வேலைய விட்டுட்டீங்களாண்ணே?"

"இல்ல தங்கச்சி. அந்தச் சம்பளம் பத்தல, லீவு நாள்ல இத ஓட்டுறேன். இதுல காசு பரவால்ல."

"அப்ப இதையே முழுசா ஓட்டலாமே?"

முன்னால் போன லோரிக்கு ஹாரன் அடித்தார்; அது ஒதுங்கவில்லை.

"சைரன் கேட்டா செம்பனைக் குலை ஏத்திட்டுப் போற லோரிகூட ஒதுங்கிடும்லா. இந்தக் காருக்கு யாரு வழி விடுறா?"

சிரித்தார். அப்போது பின்னால் சைரன் கேட்டது. மற்ற வண்டிகளுக்கு முந்தி காரை ஓரங்கட்டி நிறுத்தினார். ஆம்புலன்ஸ் எங்களைத் தாண்டிப் போனது. உள்ளே யாரென்று அவருக்குத் தெரியாது. அது தூரத்துப் பள்ளத்தை நெருங்கியபோது, "குழி வருதும்மா" என்று மெல்லச் சொன்னார்.

என் கை தானாக முன்சீட்டைப் பிடித்துக்கொண்டது.