நான்கு வயதுவரை அழாத மகள்

என் மகளுக்கு ஆறு வாரமிருக்கும்போது, அவளுடைய நெஞ்சில் வைத்துக் கேட்ட குழாயை டாக்டர் நெடுநேரம் எடுக்காமலே இருந்தார். ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவில் சிறிய ஓட்டை என்றார். நிறையப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இருப்பதுதான், தானாக மூடவும் கூடும், மூடாவிட்டால் கொழும்பில் ஒப்பரேசன். "பால் குடிக்கக்குள்ள மூச்சு வாங்கினா, அழக்குள்ள உதடு நீலமாகினா உடனே கொண்டு வாங்க" என்றும் சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். ஏறாவூரில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் நானும் அவளுடைய வாப்பாவான என் கணவரும் அதை, 'பிள்ளையை அழவே விடக்கூடாது' என்று ஆக்கிவிட்டோம்.

அன்றிலிருந்து வீட்டில் அவளுடைய ஆட்சிதான். உதட்டைப் பிதுக்கினால் போதும், எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடெல்லாம் ஓடிவரும். ஒருமுறை முடி வெட்டும்போது பாதியில் முகம் கோணினாள். ஒரு பக்கம் கட்டையும் மறுபக்கம் நீளமுமாக இரண்டு மாதம் திரிந்தாள். பக்கத்து வீட்டில் இருக்கும் என் மூத்த சகோதரி, ராத்தா, தன்னுடைய சேவலைக் கூடையால் கவிழ்த்து மூடி வைத்தார். அது கூவினால் இவள் பயந்துவிடுவாளாம்.

"சேவல அடைச்சிட்டன். உன்ட மகள ஆரு அடைக்கிற?" என்று முணுமுணுத்தார். ஆனால் அவருக்கும் பயம்தான். எனக்கோ ஒவ்வொரு கிளினிக்குக்கும் முதல்நாள் ராத்திரி முழுக்க அவளுடைய மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பதுதான் வேலை.

போன மாதம் மறுபடியும் ஸ்கேன். டாக்டர் திரையைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். நான் மகளின் சட்டையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

"ஓட்ட மூடிட்டுது. இனிப் பயமில்ல."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இனி இவள அழ விடலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஆரு விட வேணாமெண்டு சொன்ன?"

அவளுடைய வாப்பா கூரையைப் பார்த்தார்.

நேரே நகைக்கடைக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கைக்குழந்தையிலேயே காது குத்திவிடுவார்கள். இவளுக்கு மட்டும் குத்த எனக்குத் தைரியம் வரவேயில்லை. பத்தர் முதல் காதைக் குத்தியதும் அவள் வாயைத் திறந்தாள். நான்கு வருசத்து அழுகையும் ஒன்றாக வந்தது. கடை முதலாளி டொபியை நீட்டினார். ரோட்டில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளுடைய வாப்பா பத்தரின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"போதும் புள்ள. மத்தக் காதப் பிறகு பாப்பம்."

நான் அவளுடைய முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி உதட்டைப் பார்த்தேன். செக்கச் செவேலென்று இருந்தது. எவ்வளவு நல்ல சத்தம் என் பிள்ளைக்கு.

"அழட்டும், விடுங்க" என்றேன்.