மகிழ மரத்துக்குக் கட்டிய மஞ்சள் நூல்

எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக இருமிவிட முடியாது. சத்தம் கேட்ட மறுநிமிடம் அம்மா ஆடாதொடை இலையோடு வந்து நிற்பாள். மூக்கடைத்தால் நொச்சித் தழை போட்டு ஆவி. வயிறு வலித்தால் மலையிலிருந்து வந்த கடுக்காய். தலைவலி என்றால் காய்ந்த மகிழம்பூவை இடித்த பொடியை மூக்கில் உறிஞ்சி, வரிசையாகத் தும்ம வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் அப்படித்தான் போனார்கள். மருந்து மட்டும் ஒரு மண்டலம் தங்கியது.

அம்மா பிறந்தது கல்வராயன் மலையடிவாரத்தில். அவளுடைய அப்பா வீட்டார் பரம்பரையாக மருந்து கொடுத்தவர்கள். கல்யாணமாகிச் சங்கராபுரம் பக்கத்து எங்கள் ஊருக்கு வந்தபோது, சீர் பாத்திரங்களோடு அந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்துவிட்டாள். ஊர்ப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். நல்ல கைராசிக்காரி என்று பேர். எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் கசாயத்தின் கசப்பு பெருமையைவிட ஜாஸ்தி.

இலை தழையை எப்போது வேண்டுமானாலும் பறிக்கலாம். மரத்தில் பட்டை எடுக்க மட்டும் ஒரு முறை உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் மரத்தைச் சுற்றி மஞ்சள் நூலால் காப்புக் கட்டி, கற்பூரம் ஏற்றி, யாருக்கு என்ன நோவு என்று மரத்திடம் சொல்லிவிட்டு வர வேண்டும். மறுநாள் பொழுது விடியும் முன்னே போய்க் கல்லால் தட்டிப் பட்டையை எடுத்த பிறகுதான் நூலை அவிழ்க்கலாம். நூல் இருக்கும்வரை மரத்தில் இரும்பு படக்கூடாது. பட்டால், மரத்திடம் சொன்ன நோவு இரும்பெடுத்தவன் வீட்டுக்குப் போய்விடும். நோவே இல்லாமல் பொய்யாகக் கட்டினால் கட்டினவள் வீட்டுக்கே ஒரு கேடு வரும். ஊரில் இது தெரியாதவர்கள் இல்லை. ஒருமுறை நான் புல்லறுத்த அரிவாளோடு நூல் கட்டிய மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அம்மா திருகியதில் என் காது அவள் கையோடு வந்துவிடும் என்றே நினைத்தேன்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. நான் படித்துப் பெரிய வேலைக்குப் போகத்தான் இத்தனையும் என்று அப்பா சொன்னார். அதற்காகப் பள்ளிக்கூடத்தையும் மூடியிருந்தார்கள். எனக்கு இரண்டுமே பிடித்திருந்தது.

மரங்களை வெட்டி ரோட்டில் போட ஆரம்பித்தார்கள். அப்பா கோடாலியோடு முதல் ஆளாக நின்றார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். பிள்ளைகள் நாங்கள் திருவிழாவுக்குப் போவதுபோலத்தான் ஓடினோம். முதல் புளியமரம் சாய்ந்தபோது காலடி மண் அதிர்ந்தது. அத்தனை பெரிய மரம் படுக்கும் என்றே நான் நினைத்ததில்லை. அதன்மேல் ஏறி விளையாட வேண்டும் என்று வந்தவள், பக்கத்தில் போகாமல் நின்றுவிட்டேன். உச்சிக்கிளையில் இருந்த காக்கைக் கூடு என் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. அடுத்து வேம்பு விழுந்தது, புங்கன் விழுந்தது. ரோடு முழுக்கப் பச்சைத் தழை வாசம். எங்கள் வீட்டு மருந்துப் பானையைத் திறந்தால் வருகிற அதே வாசம் ரோட்டில் வந்தது எனக்குப் பயமாக இருந்தது.

இவ்வளவு வெட்டியும் ரோடு அடைபடவில்லை. போலீஸ் ஜீப்பை நிலக்கடலைக் கொல்லையில் இறக்கி ஏற்றிக்கொண்டு போய்விடலாம். முழுசாக அடைக்கத் தோதான இடம் ஒன்றுதான் இருந்தது. ஊருக்கு வெளியே ஏரி வாய்க்கால்மேல் ஒரு பாலம். இரண்டு பக்கமும் தண்ணீர். அதன் ஓரத்தில் ஒரு கிழட்டு மகிழ மரம். ஊரில் ஈறு வீங்கியவர்கள், பல் ஆடியவர்கள் எல்லோரும் அதன் பட்டைக் கசாயத்தில் வாய் கொப்பளித்தவர்கள்தான். அந்த மரம் சாய்ந்தால் ஒரு சைக்கிள்கூட ஊருக்குள் வராது.

அந்த நேரத்தில்தான் வேறொரு ஊரில் போலீஸ் சுட்டு ஒருவர் செத்துப்போனார் என்ற சேதி வந்தது. ஆம்பிளைகளுக்கு வெறி ஏறிவிட்டது. காலையில் மகிழ மரத்தைச் சாய்ப்பது, அதற்கு அடுத்த நாள் எல்லோரும் போய் மெயின் ரோட்டில் உட்காருவது என்று பேசி முடித்தார்கள். முன்வரிசையில் அப்பா. சுட்டால் சுடட்டும் என்று வீட்டுக்குள் நின்று அவர் சொன்னபோது அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் மஞ்சள் நூலையும் கற்பூரத்தையும் எடுத்துக்கொண்டு பாலத்துக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். அன்றைக்குப் புதன்கிழமை. கிழமை தப்பென்று நான் சொன்னதற்கு, “நோவு கிழம பாத்துக்கினா வருது?” என்றாள். மரத்தைக் கும்பிட்டு நின்றாளே தவிர, அவள் வாய் அசையவில்லை.

காலையில் கோடாலியோடு போனவர்கள் நூலைப் பார்த்து நின்றுவிட்டார்கள். துப்பாக்கிக்குப் பயப்படாத அத்தனை பேரும் ஒரு மஞ்சள் நூலுக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். சித்தப்பா மட்டும், நடக்கிறது நடக்கட்டும் என்று கோடாலியை ஓங்கினார். அப்பாதான் கையைப் பிடித்துத் தடுத்தார். வீட்டுக்கு வந்து, யாருக்கு இன்னா நோவு என்று கத்தினார். பிறந்த வீட்டில் இருக்கும் தன் அண்ணனுக்கு வாயெல்லாம் புண் என்று அம்மா அமைதியாகச் சொன்னாள். அன்றைக்கு விடியும் முன்னே போகத் தவறிவிட்டதாகவும், மறுநாள் விடியற்காலம் பட்டையை எடுத்துவிடுவதாகவும், அதன்பிறகு வெட்டிக்கொள்ளட்டும் என்றும் சொன்னாள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

அன்று மத்தியானமே பாலத்தின் வழியாகப் போலீஸ் ஜீப் வந்தது.

அப்பா சோற்றில் கை வைத்திருந்தார். அந்தக் கையோடே இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் அப்பாவை ஒருவர் சட்டையைப் பிடித்து இழுக்க முடியும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. இன்னும் சிலரையும் ஏற்றினார்கள். சித்தப்பா கொல்லைப்பக்கம் ஓடித் தப்பிவிட்டார். தெருப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அம்மா ஒரு துண்டை எடுத்து ஜீப்புக்குள் அப்பாவிடம் கொடுத்தாள், அவ்வளவுதான்.

ஜீப் போனதும் அவள் நேராகப் பாலத்துக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். மரத்தில் இருந்த நூலை அவிழ்த்து வாய்க்காலில் விட்டாள். பட்டை எடுக்கவில்லை. அப்போதுதான் யாருக்கும் நோவே இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

“பொய்யாக் கட்டுனா கட்டுனவங்க வூட்டுக்குத்தான் கேடு வரும்னு நீதான சொன்ன?” என்றேன்.

“வந்தா எனக்கு வரட்டும்” என்றாள். “செயிலுக்குப் போனவரு ஒருநாளு வூடு திரும்புவாரு. ரோட்டுல சுட்டுப் போட்டா திரும்புவாராடி?”

எனக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. போலீசுக்கு வழிவிட்டவள் என்பது மட்டும் புரிந்தது. அதை யாரிடமாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்து, வாயைப் பொத்திக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் மெயின் ரோட்டில், அப்பா உட்கார வேண்டிய இடத்தில் சித்தப்பா உட்கார்ந்தார். குண்டு அவர் முழங்காலில் பாய்ந்தது. அண்ணனுக்குப் பதில் தான் போகிறேன் என்று அவர் கிளம்பியபோது அம்மா வாசல்வரை ஓடி வழி மறித்ததை நான் பார்த்தேன். ஒரே பிடிவாதமாக அவளை விலக்கிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவருடைய ஒரு கால் மடங்காத காலாகிவிட்டது. அதற்குள் அப்பாவும் ஜெயிலிலிருந்து தாடியும் மீசையுமாக வந்து சேர்ந்திருந்தார்.

சித்தப்பா வலியில் கத்துவார். “அண்ணி, அந்த நொச்சி ஒத்தடத்தக் குடுங்க” என்று கெஞ்சுவார். அம்மா அசையமாட்டாள். பாவி, கல் நெஞ்சுக்காரி என்று உறவுக்காரர்கள் முகத்துக்கு நேரே திட்டினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்களையும் அவள் திருப்பி அனுப்பினாள். “எங்கையி இனிமே மருந்துக்கு ஆவாதுமா. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ” என்பாள். ஒருநாள் மருந்துப் பானையைக் கொண்டுபோய் எருக்குழியில் கவிழ்த்துவிட்டாள். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்த மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா என்னைப் பஸ் ஏற்றிச் சங்கராபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கூட்டத்தில் என்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் நெற்றியைத் தொடக் கையைக் கொண்டுவந்து, தொடாமல் எடுத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்ததைக் கூட்டத்தின் புழுக்கம் என்று நினைத்தேன். ஒரு ஊசி, நாலு வெள்ளை மாத்திரை, அத்தோடு முடிந்தது. இனி வாழ்நாளில் கசாயமே குடிக்க வேண்டாம் என்ற சந்தோஷத்தில், பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து அவளிடம் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன்.