சலாம் சொன்னதும் நின்ற தறி

ஐம்பதுகளின் பிற்பகுதி. எனக்குக் கல்யாணமான புதிது. கல்முனைக்குப் பக்கத்திலுள்ள மருதமுனைதான் எங்கள் ஊர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பார். என் கணவர் அப்படி வந்தபோது ஒரு வேலையையும் கூடவே கொண்டுவந்தார். பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துக்கொண்டிருந்தார். நெசவுக் குடும்பங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று வீடுவீடாக விசாரித்து ஓர் ஆய்வு எழுதிக் கொடுத்தால்தான் படிப்பு முடியும்.

எல்லா வீட்டுக்கும் போக முடியாதல்லவா? வீடுகளுக்கு இலக்கம் போட்டுச் சீட்டுக் குலுக்கினார். "தெரிஞ்ச வீடு, நல்லாக் கதைக்கிற வீடு எண்டு பார்த்துப் போனா அது ஆய்வில்ல புள்ள. சீட்டுல விழுந்த வீட்டுக்குத்தான் போகணும்" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் நீளப் பேச்சு அதுதான்!

ஒருநாள் முகம் வாடி வந்தார். சீட்டில் விழுந்த ஒரு வீட்டில் புருசன் இறந்து மௌத்தாகி, பெண்சாதி இத்தா என்னும் துக்கத் தனிமையில் இருந்தார். அந்நிய ஆண்கள் அவரைப் பார்க்கக் கூடாத காலம். வாசலில் நின்ற கொழுந்தன், "இஞ்ச இப்ப நெசவு இல்ல. அடுத்த வீட்டுல கேளுங்க" என்று அனுப்பிவிட்டாராம்.

"ஆனா நான் போகக்குள்ள உள்ளுக்குத் தறிச் சத்தம் கேட்டது. சலாம் சொன்னதும் நிண்டுட்டு" என்றார்.

"நான் போய்க் கேட்கட்டா?" யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நெசவுக்காரியாக உட்கார்ந்தார். நான் கேள்வி கேட்டேன். "நீங்க நெய்யிறதில்லதானே?"

"அப்படிக் கேட்டா நான் ஓம் எண்டுதானே சொல்லுவன்! பதில நீங்களே ஊட்டிடப்படாது. கேட்டுட்டுச் சும்மா இருங்க" என்றார். அடுப்படியில் உம்மா சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தது எங்களுக்குக் கேட்டது.

அந்த வீட்டுக்குப் போனேன். வெள்ளைச் சீலை கட்டியிருந்த, அக்கா வயதுடைய அந்த ராத்தா என்னைக் கட்டிப்பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். "உங்கட வீட்டுல தறியில இருக்கிறது ஆரு ராத்தா?" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'பரவாயில்லை, விடுங்க' என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. என் கணவர் சொன்னது ஞாபகம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"எங்கட பேரு வெளிய வருமா?"

"வராது ராத்தா. பேரே எழுதமாட்டம்."

"அப்ப எழுதுங்க. நான்தான். இப்ப மட்டுமில்ல, அவரு இருக்கக்குள்ளயும் நான்தான். அவருக்கு இழுப்பு வருத்தம், தறியில இருந்தா மூச்சு முட்டும். பொம்புள நெய்ஞ்சு ஆம்புள திங்கிறான் எண்டு ஊரு கதைக்கப்படாதே. அதால அவருதான் நெய்யிறாரு எண்டு சொல்லிக்கிட்டு இருந்தம். நான் நெய்யக்குள்ள பக்கத்துலயே இருந்து நூல் சுத்தித் தருவாரு. இப்ப சுத்தித்தர ஆளில்ல."

எழுத முடியவில்லை. இரண்டு பேரும் அழுதோம். கொஞ்ச நேரம் நான் அவருக்கு நூல் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் தன் குறிப்புக் கொப்பியை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தார். பிறகு, "இவ்வளவு வீட்டுலயும் நான் ஆம்புளைகளிட்ட மட்டும்தானே கேட்டிரிக்கன்" என்றார். அவர் பல்கலைக்கழகம் திரும்பிப் படிப்பைத் தொடர வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. இருந்ததை வைத்து எழுதியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. "எல்லா வீட்டுக்கும் திரும்பப் போகணும். நீங்க வருவீங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, எனக்குச் சொல்லித்தந்த மாதிரியே சும்மா இருந்தார்.

"வாறன்" என்றேன்.

புதுப்பொண்ணு ஊர்சுற்றுவதா என்று வாப்பாவுக்கு முகம் கறுத்தது. "கேட்க வேண்டியத பொம்புளைதான் கேட்கணும் வாப்பா" என்றேன். அவர் எழும்பி வெளியே போய்விட்டார். மறுநாள் காலையில் வாசலில் திரை கட்டிய மாட்டுவண்டி நின்றது. வண்டிக்காரருக்கு எந்தத் தெருவால் போக வேண்டும் என்று வாப்பாவே சொல்லிக்கொண்டிருந்தார்!

என் கணவர் வாசலில் ஆண்களோடு, நான் உள்ளே பெண்களோடு. வீட்டுக்கு வீடு கதை மாறியது. 'வீட்டு வேலைதான்' என்று புருசன்மார் சொன்ன பல பெண்கள் பகலெல்லாம் தறியில்தான் இருந்தார்கள். அவர் ஆய்வை முதலிலிருந்து மாற்றி எழுதினார். கொடுக்கப் பிந்தியதற்கு ஏச்சு விழுந்ததாம். வாசித்த பிறகு, "பெண்களிடம் இதையெல்லாம் யார் கேட்டது?" என்று அவருடைய ஆசிரியர் ஆச்சரியப்பட்டாராம். "என் மனைவி" என்று சொன்னதை எத்தனையோ தடவை எனக்குச் சொல்லிவிட்டார். நானும் புதிதாகக் கேட்பதுபோல்தான் கேட்பேன்.

அதற்குப் பிறகு பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் எதையாவது கேட்டுவிட்டு, அவர்களாக வாய் திறக்கும்வரை காத்திருக்கப் பழகிவிட்டேன். நான் பேசாமல் இருந்த அந்த நேரங்களில்தான் மனிதர்களை நான் அதிகம் அறிந்திருக்கிறேன்.